தம்பி நாயுடு வீட்டுப் பிள்ளைகள்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த பெண்மணி, "நானும் தமிழ்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேக்காவுக்கு அழைத்துப் போனோம். வீரமாகாளியம்மன் சந்நிதியில் எங்களைப் போலவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் என் மகள் தமிழில் கேட்டது அவருக்குப் புரியவில்லை. அவர்கள் ஊரில் 'தமிழ்' என்பது சாமி கும்பிடும் முறைக்கும் பெயராம். மொழி போய்விட்டது, காவடி இருக்கிறது.

சாப்பிடும்போது மகள் தன் பள்ளித் திட்டவேலைக்காக மண்டேலாவைப் பற்றிக் கேட்டாள். "மண்டேலா இருக்கட்டும், தம்பி நாயுடுவைத் தெரியுமா?" என்றார் அவர்.

இங்கே தில்லையாடி வள்ளியம்மையைச் சிலருக்குத் தெரியும். தம்பி நாயுடுவைச் சொல்ல ஆளில்லை. மொரிஷியஸில் 1875ல் பிறந்தவர், சென்னை மாகாணத்திலிருந்து போன பெற்றோருக்கு. ஜோகன்னஸ்பர்க்கில் சாதாரண வியாபாரி, தமிழர் சங்கத் தலைவர். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லை. தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம் பற்றிய நூலில் காந்தி இவரைத் தனியாக அறிமுகப்படுத்துகிறார். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், இலக்கணம் மட்டும் கொஞ்சம் இடறும். தமிழையும் அப்படியே தானாகக் கற்றுக்கொண்டார். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், தெருவில் மூட்டையும் சுமப்பார். கோபம்தான் அவருடைய குறை என்றும் காந்தி எழுதியிருக்கிறார். அந்த வரி இருப்பதால்தான் எனக்கு இவரை இன்னும் பிடித்தது.

வாய்மொழித் தேர்வை நினைத்து முனகிக்கொண்டிருந்த என் மகளுக்கு, இலக்கணம் இடறியவர் தலைவரானது பெரிய ஆறுதல்!

1908 பிப்ரவரியில் காந்தியைத் தெருவில் அடித்து வீழ்த்தியபோது கூட இருந்து அடி வாங்கியவர்களில் இவரும் ஒருவர். அதே ஆகஸ்டில் ஹமீதியா மசூதித் திடலில் இந்தியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களை எரித்தார்கள். 52 ஆண்டு கழித்து, 1960ல், மண்டேலா தன் அனுமதிப் புத்தகத்தை எரித்தார். தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1913ல் மனைவி வீரம்மாளும் போனார். அந்த ஆண்டு நியூகாசல் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியது டிரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்கள்தான்.

1914ல் காந்தி விடைபெற்றபோது, பிரிவுபசாரக் கூட்டத்தில் தம்பி நாயுடு தன் நான்கு மகன்களையும் நாட்டுத் தொண்டுக்காக அவரிடம் ஒப்படைத்தார். நான்கு பேரையும்! ஒரே மகளைப் பள்ளி முகாமுக்கு மூன்று நாள் அனுப்பவே தூக்கம் வராத எனக்கு இந்த இடம் இன்னும் செரிக்கவில்லை. "அந்தப் பசங்களோட அம்மாவைக் கேட்டாரா அப்பா?" என்றாள் மகள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நால்வரில் ஒருவர் நாராயணசாமி. இந்தியாவில் வளர்ந்து, திரும்பி வந்து, தொழிற்சங்கத்திலும் இந்தியர் காங்கிரசிலும் உழைத்தார். 1946ல் இந்தியர்கள் நடத்திய அறப்போராட்டம் தங்களுக்கு முன்மாதிரியானது என்று மண்டேலா தன் சுயசரிதையில் சொல்கிறார். நாராயணசாமியின் மனைவி மனோன்மணி, 1956ல் பிரிட்டோரியாவில் அரசு மாளிகை நோக்கிச் சென்ற பெண்கள் பேரணியில் நடந்தார். மகன் இந்திரேஸ் 1963ல் பிடிபட்டு, ராபன் தீவில் பத்தாண்டு கழித்தார். தாத்தா ஆயுதம் தொடாதவர். பேரனோ மண்டேலாவின் ஆயுதப் பிரிவில் சேர்ந்தவர். அது சரியா தவறா என்று அந்த ஞாயிறு முழுக்க நாங்கள் வாதாடினோம். ஷார்ப்வில்லில் 1960ல் 69 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு பேரனிடம் போய் என்ன சொல்ல முடியும் என்பது என் கட்சி.

மகள் தன் திட்டவேலைக்குக் கடைசியில் தேர்ந்தெடுத்தது மண்டேலாவை அல்ல, இந்திரேஸையும் அல்ல. அவருடைய சகோதரி சாந்தியை. 1969ல் கைது செய்து, வின்னி மண்டேலாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சாந்தி மறுத்துவிட்டார். தனிமைச் சிறையில் 371 நாள்.

மகள் சமையலறை நாள்காட்டியை எடுத்து எண்ணத் தொடங்கினாள். டிசம்பரோடு அது முடிந்துபோனது. "அடுத்த வருஷத்து காலண்டர் இருக்காம்மா?" என்று கேட்டாள்.