லைட்டை அணைங்க, அங்கிள்!

சென்னையில் மூச்சு விடவும் டிக்கெட் வாங்க வேண்டும் என்பது அந்தத் திருச்சிக்காரரின் உறுதியான கட்சி. முக்கொம்புப் பூங்காவிலும் நுழைவுச்சீட்டு உண்டே என்று மனைவி எடுத்துச் சொன்னால், "அது வேற" என்பார். தூக்கில் புளியோதரை, விரித்து உட்கார ஒரு பழைய போர்வை, காவிரி ஓரத்து மரநிழல். பிள்ளைகளோடு வெளியே போவதென்றால் அவருக்கு அவ்வளவுதான். ஏப்ரலில் பரீட்சை முடிந்த கையோடு மனைவியையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் அக்கா வீட்டுக்கு வந்தபோது, பெட்டியோடு அந்தக் கட்சியும் வந்து இறங்கியது.

எங்கே போவது என்பதில் காலையிலேயே சண்டை. அக்கா மகனுக்கு மால்தான் வேண்டும். ஏசி, ஐஸ்கிரீம், வீடியோ கேம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மகளுக்குக் கடல், அதுவும் குளிக்க. "குளியலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கால் நனைச்சாப் போதும்" என்று அத்தை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை வெளேரென்று ஸ்மிட் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க்காரருக்காக எழுப்பியது. சினிமாக்காரர்களுக்கு அது பாட்டு எடுக்கிற இடம். சென்னை அம்மாக்களுக்கோ பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து பின்னுக்கு இழுக்க உதவும் ஆயுதம்.

சண்டை பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் ஓய்ந்தது. கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கம், ஒரு வீட்டின் ஜன்னல் கம்பி வழியே இட்லியும் பொங்கலும் வடையும் வெளியே வரும். இரண்டு பிள்ளைகளும் வடையைவிட அந்த ஜன்னலைத்தான் ரசித்தார்கள். தி.நகரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரங்கநாதன் தெருவுக்குள் குழந்தையைக் கூட்டிப்போவது பொழுதுபோக்கு அல்ல, தேகப்பயிற்சி. பனகல் பூங்கா பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து அதிலிருந்து மீண்டார்கள்.

அங்கிருந்து கிண்டி பாம்புப் பண்ணை. 1972 முதல் இங்கே இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இதைப் பார்க்காத தமிழ்நாட்டுக்காரர் குறைவு. கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த மலைப்பாம்பு கடைசிவரை அசையவே இல்லை. "உயிரோடதான் இருக்கா?" என்று பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கேட்க, "இதுக்கு டிக்கெட் வேற" என்று திருச்சிக்காரர் முணுமுணுத்தார்.

மாலையில் பெசன்ட் நகர். சோளம் சுடும் புகை, பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் பலகை என்று எல்லாம் அவர் எதிர்பார்த்தபடியேதான் இருந்தன. மணலில் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு சின்ன வேலியும் அதைச் சுற்றிச் சிறு கூட்டமும் தெரிந்தன. கூட்டத்தைக் கண்டதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"எவ்வளவும்மா?" என்றார். கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள், முட்டுவரை மணல்.

"டிக்கெட் இல்ல, அங்கிள். அந்தக் கயித்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்க, போதும்."

அங்கிள் என்றது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நின்றார்.

வேலிக்குள் இருந்தது கடலாமை முட்டைகளின் பொரிப்பகம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற தன்னார்வக் குழு 1988 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி, ஜனவரியிலிருந்தே இரவில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். ஒரு குழியில் சுமார் நூறு. அப்படியே விட்டால் நாய் தோண்டித் தின்றுவிடும். நாயிடம் தப்பிப் பொரிந்தாலும், குஞ்சுகள் கடலுக்குப் பதில் கடைத்தெரு விளக்கைப் பார்த்து ஊர்ந்து போகும். அதனால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை சுமார் ஏழு கிலோமீட்டர் நடந்து, கிடைத்த முட்டைகளை இங்கே கொண்டுவந்து புதைக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பொரிகின்றன.

பிள்ளைகள் அசையாத மலைப்பாம்பின் கதையை எடுத்தார்கள். "பாம்புப் பண்ணையா போயிட்டு வந்தீங்க? இந்த நடையை முதல்ல ஆரம்பிச்சதே அங்க இருந்தவங்கதான்" என்றாள் அந்தப் பெண். 1970களின் தொடக்கத்தில், பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் ஐ.ஐ.டி.யில் படித்த சதீஷ் பாஸ்கரும் நண்பர்களோடு இதே கரையில் இரவில் ஆமைத் தடம் தேடி நடந்தார்கள். சதீஷ் பாஸ்கர் பின்னாளில் இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் நடந்தே ஆராய்ந்தவர். காலையில் போட்ட டிக்கெட் காசு வீண்போகவில்லை என்று திருச்சிக்காரருக்கு முதன்முறையாகத் தோன்றியது.

மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம் என்று அந்தப் பெண் சொன்னதும் அக்கா மகன் பாய்ந்தான்: "அப்போ சென்னையில எல்லாமே பொண்ணுதான்!" பெரியவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கேள்வி தப்பில்லை. பொரிப்பகங்களில் மேலே நிழல் போடுவது அதற்காகவும்தான் என்றாள்.

இருட்டத் தொடங்கியதும் குஞ்சுகளை மணலில் விட்டார்கள். ஒவ்வொன்றும் நாலு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். கறுப்பாக, துடுப்பை வீசி வீசி நகர்ந்தன. மகள் கயிற்றைத் தாண்டப் பார்த்தாள். "தூக்கித் தண்ணில விட்டா சீக்கிரம் போயிடுமே, அக்கா?" கூடாது, அது தானாக நடக்க வேண்டும் என்று பதில் வந்தது. வளர்ந்து முட்டையிடும் வயதானதும், பிறந்த பக்கத்துக் கடற்கரையைத் தேடி அவை திரும்பி வரும் என்கிறார்கள்.

அப்போதுதான் பின்வரிசையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். யாரோ ஒருவர் வீடியோ எடுக்கச் செல்போன் டார்ச்சைப் போட்டுவிட்டார். முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு குஞ்சு நின்றது. அப்படியே திரும்பிக் கூட்டத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தது. தன்னார்வலர்கள் வாய் திறப்பதற்குள் திருச்சி மகளின் குரல் கேட்டது: "லைட்டை அணைங்க, அங்கிள்!"

"ஒரு செகண்ட் பாப்பா" என்றார் அந்த மனிதர்.

"ஒரு செகண்டும் கிடையாது!"

பெரியவர்களை இப்படி அதட்டினால் ஊரில் அப்பாவிடம் திட்டு விழும். அன்று அப்பா மகளைத் திட்டவில்லை. போன்காரரைப் பார்த்து, "பிள்ளை சொல்றது கேக்கலையா, சார்?" என்றார். அவருக்குச் சென்னையில் யாரோடாவது சண்டை போட ஆசையும் இருந்திருக்கலாம். வெளிச்சம் அணைந்தது. சின்னப் பிள்ளைகள் ஒருவர்கூடக் கயிற்றைத் தாண்டவில்லை. நெருக்கித் தள்ளியதும் எட்டிப் பார்த்ததும் முழுக்கப் பெரியவர்கள்தான்.

திரும்பும் வழியில் மகள், எல்லாம் பிழைக்குமா என்று கேட்டாள். ஆயிரத்தில் ஒன்று பெரிதானால் அதிர்ஷ்டம் என்பது பொதுவான கணக்கு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கியதை அத்தை பேப்பரில் படித்திருந்தார். "ஆமைக்கு நீந்தத் தெரியாதா?" என்றாள் மகள். நீந்தும், ஆனால் அதற்கும் நம்மைப்போல் நுரையீரல்தான். இழுவலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் சாகும். ஆமை வெளியேற வலையில் வழி வைக்கும் கருவி இருக்கிறது. படகுக்காரர்களோ அந்த வழியில் மீனும் போய்விடுகிறது என்கிறார்கள். அக்கா மகன், மீனைவிட ஆமைக்குக் கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டால் சரியாகிவிடுமே என்று ஆட்டோ முழுக்க வாதாடினான். மால் பேச்சே வரவில்லை.

வீட்டுக்குள் நுழைவதற்குள் அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. இரவு நடைக்கு ஜனவரியில் வர வேண்டும் என்றாள் மகள். ஜனவரி என்றால் பொங்கல். "பொங்கலுக்குப் பாட்டி வீடு" என்றார் அம்மா. "பாட்டியையும் கூட்டிட்டு வரலாம்" என்றாள் மகள். ராத்திரி முழுக்க மணலில் நடக்கப் பாட்டியால் முடியுமா என்று அத்தை கேட்டார். திருச்சிக்காரர் அதில் தலையிடவில்லை. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஜனவரிக்கு எப்போது முன்பதிவு திறக்கும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தார்.