கவலைக்கு ஓர் அரை மணி நேரம்

அரியர் விழுந்துவிடுமோ, கேம்பஸ் இன்டர்வியூவில் கழித்துவிடுவார்களோ, அவள் ஏன் இன்னும் பதில் போடவில்லை... விடுதியில் விளக்கணைத்த பிறகும் இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் மனசிடம் "சும்மா யோசிக்காதே" என்று சொல்லிப் பயனில்லை. இன்னும் அதிகமாகத்தான் ஓடும்.

உளவியல் ஆலோசகர்கள் அப்படிச் சொல்வதில்லை. 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) முறையில், வந்த எண்ணத்தைத் தாளில் எழுதச் சொல்வார்கள். 'நான் ஃபெயிலாகிவிடுவேன்.' சரி, இதற்கு என்ன ஆதாரம்? எதிராக என்ன இருக்கிறது? இன்னொரு பயிற்சி, கவலைப்படுவதற்கென்றே மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குவது. மற்ற வேளையில் வருவதைக் குறித்துவைத்து அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும். என் அக்கா மகளுக்குக் கைகொடுத்தது இதுதான். முதல் நாளே பலன் தெரியாது. வாரக்கணக்கில் பழக வேண்டும்.

"ஆலோசகரிடம் போவது வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்குமா?" என்று தயங்கும் பெற்றோர்களே, 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரங்கள் ரகசியமானவை. தயவுசெய்து பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

ஆலோசனைக்குக் காசில்லையா? 14416, டெலிமானஸ். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு உதவி எண். இலவசம். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தம்பி, தங்கச்சிகளா, இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.