ஒரு ஃபோல்டர் மட்டும்

மார்ச் 3, 2025, திங்கள்

சிறுகதைத் தொகுப்பின் பக்கங்கள் அச்சகத்துக் கணினியில் வரி தள்ளிப் போயிருக்கின்றன. நம் ஆபீஸ், அச்சகம் இரண்டு இடத்திலும் எழுத்துரு முக்தா மலர்தான், பதிப்புதான் வேறு. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இறக்கினால் இன்றைய பதிப்புதான் கிடைக்கும். பழையதும் வேண்டுமானால் அவர்களுடைய கிட்ஹப் ரெப்போவுக்குப் போக வேண்டும். அங்கே ‘கோட்’ பொத்தானை அழுத்தினால் மொத்த ரெப்போவையும் ஜிப்பாகத் தருகிறது. 1 ஜிபிக்கு மேல் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது முக்தா மலர், கவிவனார், மீரா இனிமை, இந்த மூன்று ஃபோல்டர்தான். ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓடும் ஆபீஸில் ஜிப்பை இறக்கினால் இன்றைய டேட்டா அத்தோடு காலி.

மார்ச் 4, செவ்வாய்

“எஸ்விஎன்ல எடுக்கலாமே அக்கா” என்றான் தம்பி. எஸ்விஎன் என்கிற சப்வெர்ஷனில் எந்த ஃபோல்டரையும் அதன் பாதையைச் சொல்லித் தனியாக வாங்கலாம். கிட்ஹப்பும் அந்த வழியைத் திறந்து வைத்திருந்தது; முகவரியில் ‘ட்ரீ மெயின்’ இருக்கும் இடத்தில் ‘ட்ரங்க்’ என்று மாற்றினால் போதும். 2024 ஜனவரி 8-ல் அதை மூடிவிட்டார்கள். தேடினால் இன்னும் அந்த யோசனைதான் முதலில் வருகிறது.

கிட்ஹப்புக்கு அடித்தளமான கிட்டின் போக்கே வேறு. லினக்ஸ் கெர்னலுக்காக 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. ஒவ்வொரு கமிட்டும் முழு ரெப்போவின் அந்த நேரத்து நிலை. அதனால் முழுசாக வாங்குவதுதான் அதற்கு இயல்பு.

ஃபோல்டரின் முகவரியை ஒட்டினால் ஜிப்பாக்கித் தரும் தளங்கள் இருக்கின்றன. அவை கிட்ஹப்பின் ஏபிஐயைக் கேட்டு வாங்குகின்றன. லாகின் இல்லாமல் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கைதான். தாண்டினால் டோக்கன் கேட்கும். கணக்கின் சாவியை வேறொருவர் தளத்தில் ஒட்டுவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. லாகின் செய்துவிட்டு ரெப்போ பக்கத்தில் புள்ளி விசையை அழுத்தினால் பிரவுசரிலேயே எடிட்டர் திறக்கிறது. குரோமில் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘டவுன்லோட்’ வருகிறது. அவசரத்துக்கு இது போதும். ஆனால் எந்தப் பதிப்பு என்ற குறிப்பு கூடவே இறங்காது.

மார்ச் 5, புதன்

வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் எடுக்கும் ஸ்பார்ஸ் செக்கவுட்தான் சரி. 2020-ல் வந்த கிட் 2.25-லிருந்து இது தனிக் கட்டளை. ‘கிட் குளோன்’ கொடுக்கும்போதே ‘ஸ்பார்ஸ்’ என்றும், ஃபில்டரில் ‘பிளாப் நன்’ என்றும் சேர்த்தேன். கமிட் வரலாறும் ஃபோல்டர் பட்டியல்களும் வந்தன. எழுத்துருக்கள் அப்போது இறங்கவில்லை. ‘டெப்த் 1’ போட்டால் இன்னும் சுருங்கும். பழைய கமிட்டுக்குத் திரும்ப வேண்டியிருப்பதால் போடவில்லை. அடுத்து ‘கிட் ஸ்பார்ஸ் செக்கவுட் செட்’ என்று அடித்து மூன்று பாதைகளையும் வரிசையாகக் கொடுத்ததும் அந்தக் கோப்புகள் மட்டும் இறங்கின.

கவிவனார் ஃபோல்டரைத் திறந்தேன். ஒரே ஒரு டிடிஎஃப், மெட்டாடேட்டா கோப்பு, உரிமக் கோப்பு. உரிமம் ஓஎஃப்எல் 1.1, தேதி 2007 பிப்ரவரி 26. எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது; அதை வைத்து உருவாக்கும் ஆவணத்தை இந்த உரிமம் கட்டுப்படுத்தாது. புத்தகத்தைத் தாராளமாக விற்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

அந்த ரெப்போவில் மேல் ஃபோல்டர்களுக்கே ஓஎஃப்எல், அப்பாச்சி, யூஎஃப்எல் என்று உரிமத்தின் பெயர்தான். உள்ளேயும் உரிமக் கோப்பு உண்டு. பெரும்பாலான ரெப்போக்களில் அப்படி இல்லை. உரிமம் வாசலில் இருக்கும், நாம் உள்ளறையை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுவோம். ஸ்பார்ஸ் செக்கவுட்டில் இந்தச் சங்கடம் குறைவு: வழக்கமான முறையில், மேல்மட்டத்தில் இருக்கும் கோப்புகளும் சேர்ந்தே வருகின்றன.

அச்சகத்துக் கணினியிலும் நம்மிடம் இருக்கும் அதே கமிட்டை எடுத்து வைத்தோம். வரிகள் ஒத்துப் போகின்றன. கமிட் எண்ணின் முதல் 7 எழுத்தை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். “புது வெர்ஷன் வந்தா மாத்திடலாமா அக்கா?” என்று கேட்டான் தம்பி. புதுப் புத்தகத்துக்கு மாற்றிக்கொள்; மறுபதிப்பு என்றால் கார்டில் இருப்பதுதான் என்று சொல்லிவிட்டேன்.