இறங்கக் கூடாத தீவுகள்

தீவுப் பயணம் என்றதும் அந்தமானையும் அலைகடலையும் எண்ணுகிறோம். மைசூரில் வாழும் நம்மவர்க்கோ அது காவிரியிலேயே வாய்த்திருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கன்திட்டில், ஆற்றின் குறுக்கே மன்னர் காலத்தில் எழுப்பிய தடுப்பணையால் உண்டான சிறு தீவுகள் உள்ளன. பறவையியல் அறிஞர் சாலிம் அலி எடுத்துரைத்ததன் பேரில் 1940-இல் இவ்விடம் சரணாலயமாயிற்று. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

வனத்துறைப் படகோட்டி துடுப்பு வலிக்க, நாம் தீவுகளைச் சுற்றி வரலாம். இறங்கலாகாது, கூடாரமடித்துத் தங்கவும் இயலாது. மரங்களில் கரண்டிவாயனும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன; பாறைகளில் முதலைகள் வெயில் காய்கின்றன. மனிதர் நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டை விட்டெழும். காவலற்ற முட்டையைக் காக்கை கவரும்.

மேலே கிருஷ்ணராஜசாகர் அணையில் நீரை மிகுதியாகத் திறக்குங்கால் படகுகள் நிற்கும். தாழ்ந்த திட்டுகள் மூழ்கிக் கூடுகளும் அழிவதுண்டு. அந்நீரே மேட்டூரை அடைந்து, திருவரங்கத் தீவைத் தழுவித் தஞ்சை வயல்களுக்குப் பாய்கிறது. மேட்டூர் நிரம்பியதெனக் கேட்டு ஊரை நினைந்து மகிழும் நாம், அன்று இத்திட்டுகளையும் நினைத்தல் தகும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர், படகில் ஓசையின்றி அமர்ந்து காணக் கற்பிப்பார்களாக.