மாயா என்கிற மாதங்கி

‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ ஆவணப்படம் பார்த்தேன். மனசு இன்னும் அதிலேயே நிற்கிறது.

1975-ல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் துரத்தியதால் சிறுமியாக மறுபடியும் லண்டனுக்கே அகதியாகப் போனவர் மாதங்கி அருள்பிரகாசம். உலகத்துக்கு அவர் ‘எம்.ஐ.ஏ.’ என்ற பாடகி. இந்தப் படத்தை எடுத்தவர் அவருடைய கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ். 2018-ல் சன்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்ற படம்.

பாட வருவதற்கு முன்பே மாயா கையில் கேமரா இருந்திருக்கிறது. லண்டன் வீடு, 2001-ல் இலங்கைக்குப் போய்ச் சந்தித்த சொந்தபந்தங்கள் என்று அவரே எடுத்துவைத்த காட்சிகள்தான் படத்தின் உயிர்.

முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், ‘அருளர்’. இரண்டாவதுக்கு அம்மா பெயர், ‘கலா’. அதில் நம்ம உருமி அதிர்கிறது. அதே ஆல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டு, ‘தி க்ளாஷ்’ ராக் குழுவின் இசைத்துணுக்கின் மேல் எழுந்தது. வந்தேறிகளைச் சந்தேகமாகப் பார்க்கிற கண்களுக்கு அதுதான் பதிலடி. 2009-ல் ஏ.ஆர்.ரகுமானோடு ஆஸ்கர் பரிந்துரை வரை போனார்.

அகதிச் சிறுமிகள் லண்டனில் மட்டும் இல்லை. எங்கள் விரிஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில் மேல்மொணவூர் இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம். 2021 நவம்பரில்தான் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கேயும் மாதங்கிகள் வளர்கிறார்கள்.

படத்தைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் முகாம் இருந்தால், பாடத் தெரிந்த ஒரு பிள்ளைக்காவது திருவிழா மேடையில் இடம் வாங்கிக் கொடுங்கள்.