கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாள்

எங்கட வீட்டு மேல்மாடிக்கு நாங்கள் எழுதிய முதல் விதி, "செருப்பை வாசலில் கழற்றவும்" என்பதுதான். அதை எழுதும்போது ஒரு விருந்தாளியும் வந்திருக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வர வர விதிகளும் கூடின. கடைசியில் தாளில் பத்தொன்பது விதிகள் நின்றன. அதில் ஒரு விதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வீடு நல்லூர்ப் பக்கம். மேல்மாடி மாமாவின் கனடாக் காசில் எழும்பியது. இரண்டு அறை, ஒரு பாத்ரூம், சின்ன பல்கனி. மாமா குடும்பம் இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மூன்று கிழமை வந்து நிற்கும். மீதி நாளெல்லாம் தூசிதான். 2022 இல் சாமான் விலை ஏறினபோது அம்மாவின் தையல் காசு எதற்கும் காணாமல் போனது. "சும்மா பூட்டி வச்சிருக்காமல் வாற ஆக்களுக்கு நாள் வாடகைக்கு விடு" என்று மாமாவே சொன்னார். அடுத்த வருசம் தொடங்கினோம். அம்மா சமையலையும் திறப்பையும் பார்த்தா. தங்கச்சி துவாயும் படுக்கை விரிப்பும் பார்த்தாள். கம்பஸில் படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீசு தெரியும் என்பதால் விதி எழுதுகிற வேலை எங்கள் மூவரிலும் மூத்த மகளின் தலையில் விழுந்தது.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருக்கிறார். "மோட்டர் சுவிட்சைத் தொட வேண்டாம்" என்றால், தாங்கி நிரம்பி வழிய வழிய ஒரு மணித்தியாலம் மோட்டரை ஓடவிட்ட ஜேர்மன்காரர். "பல்கனிக் கம்பியில் ஈரத் துவாய் போட வேண்டாம்" என்றால், காற்றுக்கு மூன்று துவாயைப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் விழுத்திய குடும்பம். "திருவிழா நாட்களில் மச்சம் சமைக்கக் கூடாது" என்றால், லண்டனில் இருந்து வந்து கொடியேற்றத்தன்று நண்டு வாங்கி வந்த எங்கட சொந்தக்காரப் பெடியன்.

தண்ணி விதிதான் எங்களுக்குப் பெரிய பாடம் சொன்னது. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத் தண்ணியைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். அந்த நன்னீர் கடல் தண்ணிக்கு மேலே ஒரு படையாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருந்து உவர் ஏறும். பெரிய மழை ஐப்பசிக்குப் பிறகுதான். நல்லூர்த் திருவிழாவோ ஆடி, ஆவணியில், 25 நாள். அதாவது கிணறு அடிக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் எங்களுக்கு அறை நிறைய ஆக்கள்.

முதலில் "தண்ணீரை வீணாக்காதீர்" என்று எழுதினோம். ஒருத்தரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு, "இந்தத் தண்ணீர் எங்கள் வீட்டுக் கிணற்றில் இருந்து வருகிறது. ஆடி மாதத்தில் கிணறு வற்றும். அதிகம் இறைத்தால் உவராகிவிடும். நாங்களும் இதைத்தான் குடிக்கிறோம்" என்று எழுதினோம். சவரில் நிற்கிற நேரம் பாதியாகக் குறைந்தது. கட்டளையாகச் சொன்னபோது கேட்காதவர்கள், காரணம் சொன்னதும் கேட்டார்கள். இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து நாங்கள் சந்தோசப்பட்டோம். மற்றப் பதினெட்டு விதிகளுக்கும் எங்களிடம் என்ன காரணம் இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

தாள் மூன்று மொழியில் இருந்தது. நயினாதீவு விகாரைக்குப் போகிற சிங்களக் குடும்பங்களும் வரத் தொடங்கியதால், பட்ச் தோழி ஒருத்தி சிங்களத்தில் எழுதித் தந்தாள். இங்கிலீசுத் தாளில் வரிக்கு வரி 'பிளீஸ்'. சிங்களத் தாளில் 'கருணாகர'. தமிழ்த் தாளில் 'கூடாது', 'தடை', 'கண்டிப்பாக'. ஒரே கையால், ஒரே மேசையில், ஒரே நாளில் எழுதியவை. வெளியாருக்கு மரியாதை, எங்கட ஆக்களுக்கு அதட்டல். எழுதும்போது அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

இன்னொன்றும் கண்ணில் படவில்லை. தமிழ்த் தாளில் மட்டும் ஒரு விதி கூடுதலாக இருந்தது. பதினோராவது. "சோடியாக வருபவர்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் காட்ட வேண்டும்."

அம்மா சொல்லித்தான் எழுதினோம். ஆனால் எழுதினது நாங்கள். வெளிநாட்டுச் சோடிகளிடம் அதைக் கேட்பது பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை. கடவுச்சீட்டில் இரண்டு வேறு குடும்பப் பெயர் இருந்தாலும் கொப்பியில் பதிந்துவிட்டுத் திறப்பைக் கொடுத்தோம். "அவையளின்ர பழக்கம் வேற" என்று முடிந்துவிட்டது கதை. சிங்களத் தாளில் ஏன் இல்லை என்று பிறகு கேட்டபோது, "அவையிட்ட இதை எப்பிடிக் கேக்கிறது" என்றா அம்மா.

போன வருசம் மாசி மாதம், இரவு எட்டு மணி கழிந்திருக்கும். ஓட்டோ வந்து நின்றது. ஒரு பெடியனும் ஒரு பிள்ளையும். எங்களைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். யாரோ தந்த நம்பருக்குப் பின்னேரம் போன் எடுத்து அறை இருக்கா என்று கேட்டிருந்தார்கள். நாங்களும் இருக்கு என்று சொல்லியிருந்தோம். அந்தப் பிள்ளைக்கு விடிய ஆஸ்பத்திரியில் கிளினிக். கையில் பிளாஸ்ரிக் பைக்குள் எக்ஸ்ரே. ஐசியில் அவருக்கு வவுனியா விலாசம், அவவுக்கு மலையகத்தில் ஒரு தோட்டத்து விலாசம்.

அம்மா சான்றிதழைக் கேட்டா. வீட்டில் இருக்கு என்றார் அவர். "போனில படமாவது இருக்கோ?" இல்லை. அம்மா அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தா. நாங்களும் பார்த்தோம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தோம். அந்தப் பிள்ளை சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி, எங்கட வீட்டு விதி அப்பிடி" என்றா அம்மா. அவர் சண்டை பிடிக்கவில்லை. "போன் எடுத்தபோது சொல்லியிருக்கலாமே அம்மா" என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அதே ஓட்டோவில் திரும்பிப் போனார்கள். மேலே பல்கனியில் பிரான்சுச் சோடி ஒன்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. கை அசைத்து எங்களுக்கு இரவு வணக்கம் சொன்னார்கள்.

அவர்கள் கலியாணம் கட்டினவர்களா இல்லையா என்பது எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. கட்டினவர்கள் என்று பிறகு தெரிய வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் கட்டாதவர்களாக இருந்தாலும், எட்டு மணிக்கு எக்ஸ்ரேயோடு வந்த ஒருத்திக்கு அந்த இரவு படுக்க ஒரு அறை தேவைப்பட்டது. எங்களிடம் ஒரு அறை வெறுமையாக இருந்தது.

லீவு முடிந்து பேராதனைக்குத் திரும்பினோம். இங்கே 'நாங்கள்' என்றால் வேறு ஆக்கள். ஒரு போர்டிங்கில் மூன்று அறையில் ஆறு பெண் பிள்ளைகள். இந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாலை ஆறரைக்குள் வரவேண்டும். அயன் பண்ணுவது ஞாயிறு மட்டும். ரைஸ் குக்கர் தடை. ஆண்கள் கேற்றுக்கு வெளியே. சகோதரனாக இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு நாள் நாடகப் பயிற்சி முடிந்து இருபது நிமிசம் பிந்தி வந்த தோழியின் அப்பாவுக்கு அன்ரி போன் எடுத்துச் சொன்னா. இன்னொரு நாள் காய்ச்சலில் கிடந்த தங்கைக்கு மருந்து கொண்டுவந்த அண்ணன் மழைக்குள் கேற்றடியில் நின்றார். அப்போதெல்லாம் நாங்கள் ஆறு பேரும் இரவிரவாக இருந்து கொதித்திருக்கிறோம். "எங்களை என்னெண்டு நினைச்சிருக்கினம்? காசு குடுத்துத்தானே இருக்கிறம்?" பாடத்தில் படித்த கோட்பாடெல்லாம் இழுத்து வைத்து அன்ரியைப் பிரித்து மேய்ந்திருக்கிறோம்.

அந்த முறை திரும்பி வந்து கதவைச் சாத்தியபோது தாளை நின்று வாசித்தோம். எழுத்து நடை தெரிந்த நடையாக இருந்தது. 'தடை', 'கண்டிப்பாக', 'கூடாது'. எங்கட மேல்மாடித் தாள் எங்கே இருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. விதி என்றால் இப்படித்தான் எழுதுவது என்று இரண்டு வருசமாக இந்தத் தாள்தான் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறது. எங்களை நம்பாத ஒருவரின் பாசையை எடுத்துக்கொண்டு போய், எங்களைப் போன்ற வேறு இரண்டு பேருக்கு நாங்கள் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அடுத்த லீவில் அம்மாவோடு கதைத்தோம். சுகமான கதை இல்லை. அம்மாவை ஒரு பிற்போக்குக்காரியாக எழுதிவிட்டுப் போவது லேசு. ஆனால் அம்மா சொன்னதையும் வைக்க வேண்டும்.

"ஆம்பிளை இல்லாத வீடு. ரெண்டு குமர்ப் பிள்ளையள். லொட்ஜ் வழிய பொலிஸ் போய்ப் பிடிச்சதெண்டு செய்தி வருதோ இல்லையோ? நாளைக்கு இந்த வீட்டுக்கு ஒரு பேர் வந்தா, வெள்ளைக்காரனுக்கோ அந்தப் பேர்? உங்களுக்குத்தான். நான் உங்களுக்காகத்தான் அதை எழுதச் சொன்னனான்."

இதற்கு உடனே சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. சனத்தின் வாய்க்கு அம்மா பயப்படுவது கற்பனைப் பயம் இல்லை. அப்பா போன பிறகு அந்த வாயை அம்மா தனியாகக் கடந்து வந்தவ. அந்த விதி அந்தச் சோடிக்காக எழுதப்பட்டதே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தது அந்தப் பிள்ளை.

தங்கச்சிதான் கதையைத் திருப்பினாள். "அம்மா, வெள்ளைக்காரச் சோடி நிண்டதைச் சனம் கதைச்சதோ?" இல்லை. "அப்ப சனத்துக்கும் எங்களுக்கும் ஒரே விதிதான். எங்கட ஆக்களெண்டால் மட்டும் கேக்கிறது." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொப்பியை எடுங்கோ" என்றா.

எயார்பிஎன்பியில் போடுகிற ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை ஒரு விதத்தில் தீர்ந்தே இருக்கிறது. அதன் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் திருமண நிலையும் சேர்ந்திருக்கிறது. அதைக் காரணமாக வைத்து விருந்தாளியை மறுக்க முடியாது. வீட்டு விதிகளையும் காசு கட்ட முதலே வாசிக்கலாம். ஆனால் போனில் பேசி, ஓட்டோவில் வருகிற எங்கட ஆக்களுக்கு அந்தப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நாங்கள் சொல்வதுதான் சட்டம்.

பத்தொன்பது விதியை ஏழாக்கினோம். ஒவ்வொன்றையும் எடுத்து நாலு கேள்வி கேட்டோம். இது வீட்டைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லலாமா? மூன்று தாளிலும் ஒரே மாதிரி எழுதலாமா? அவர் புறப்பட முதல் போனிலேயே சொல்ல முடியுமா? இந்த நாலுக்கும் ஓம் என்று வந்தவை மட்டும் நின்றன. தண்ணி நின்றது. செருப்பு நின்றது. திருவிழாக் காலத்து மச்ச விதியும் காரணத்தோடு நின்றது. மாமா மேல்மாடி விறாந்தையில் கமரா பூட்டச் சொன்னதை விட்டுவிட்டோம். எயார்பிஎன்பியும் 2024 சித்திரையோடு வீட்டுக்குள் கமரா வைப்பதை நிறுத்திவிட்டது.

பதினோராவது விதி இப்போது இப்படி இருக்கிறது: "தங்கும் ஒவ்வொருவரும் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டைக் காட்டிப் பதிய வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் மட்டும் தங்கலாம்." மூன்று மொழியிலும் அதேதான். மூன்றிலும் 'தயவுசெய்து' உண்டு. அம்மா தன் பங்குக்கு ஒரு விதி கேட்டு வாங்கினா. கேற் இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும், பிந்தினால் போன் எடுக்க வேண்டும். காரணம், அம்மா அதற்குப் பிறகுதான் படுப்பா.

புதிய தாள் ஒட்டி மூன்றாவது கிழமை மட்டக்களப்பில் இருந்து ஒரு சோடி வந்தது. அம்மா இரண்டு ஐசியையும் வாங்கி நம்பரைக் கொப்பியில் எழுதினா. இரண்டு விலாசத்தையும் வாசித்தா. ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு திறப்பைக் கொடுத்து, "ஆடி மாசம் பிள்ளையள், தண்ணியைப் பாத்துப் பாவியுங்கோ" என்றா. அன்றைக்கு இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் அம்மா படுக்கவில்லை. கதிரையில் இருந்து தைத்துக்கொண்டிருந்தா. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. விடியத் தோசையை மேலே அனுப்பும்போது சம்பலைக் கொஞ்சம் கூட வைக்கச் சொன்னா.

போர்டிங் தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. நாங்கள் ஆறு பேரும் அன்ரிக்குக் காட்ட ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம். முதல் வரியை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறோம். அன்ரியும் ஒரு தனி மனுசிதான். அவவுக்கும் மதிலுக்கு அந்தப் பக்கம் சனம் இருக்கு. "நீங்கள் எதற்குப் பயப்படுறீங்கள் எண்டு சொல்லுங்கோ அன்ரி" என்று தொடங்கலாம் என்பது இப்போதைக்கு முடிவு.