கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு வீடு

பாலைவனம் என்றதும் நமக்கு ஒட்டகமும் எரிக்கும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் பாலைவனத் தேசியப் பூங்காக்களுக்கு டிசம்பரில் போய்ப் பாருங்கள். பகலில் கேமரன் மலை இதம், இரவில் பல் கிட்டும் குளிர். கோடையில் 50 டிகிரியை எட்டிப் பிடிக்கும் அதே மண்ணில், ஆண்டுக் கடைசியில் பிள்ளைகள் குளிராடையோடு மணல்மேட்டில் உருண்டு விளையாடலாம்.

2023 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். நான், என் கணவர், பத்து வயது மகன், ஆறு வயது மகள், 71 வயது அப்பா. லாஸ் ஏஞ்சலஸில் கேம்பர்வேன் எடுத்து, ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி, கிராண்ட் கேன்யன் என மூன்று பூங்காக்களைச் சுற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் ஓடி, மறுபடியும் லாஸ் ஏஞ்சலஸ்.

அப்பாவை அழைத்துப் போவதில் அக்காவுக்கு உடன்பாடே இல்லை. "இன்சுலின் போடுற மனுஷனை அந்தக் குளிர்ல எதுக்குடி இழுத்துக்கிட்டுப் போற?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது. அம்மா போன இரண்டு ஆண்டுகளில் அப்பா வாசல் நாற்காலியை விட்டு அதிகம் எழுந்ததில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் லாரி ஓட்டியவர், பக்கத்துக் கடைக்குப் போகவும் யோசித்தார். பேச்சும் குறைந்துவிட்டது. வானொலியில் காலை நேரம் முழுக்கப் பேசிவிட்டு வரும் எனக்கு, வீட்டில் அந்த மௌனம்தான் மிகவும் கனத்தது.

ஏன் வேன்?

அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும், அடிக்கடி கழிப்பறை வேண்டும், மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கக் குளிர்பெட்டி வேண்டும். ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினால் இதெல்லாம் நடக்காது. ஏழரை மீட்டர் வண்டிக்குள் அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, மூன்று படுக்கை எல்லாம் இருந்தன. ஊருக்கும் அங்கேயும் 16 மணி நேர வித்தியாசம். ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவர் ஒரு தாளில் அட்டவணை போட்டுக் கொடுத்தார். விமான நிலையத்தில் காட்ட ஒரு கடிதமும் தந்தார்.

வேன் வாழ்க்கைக்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. முதலாவது காலியாகும் முன் நிரப்ப வேண்டும், மற்ற இரண்டும் நிறையும் முன் அதற்கென்று இருக்கும் இடத்தில் திறந்துவிட வேண்டும். வெப்பமூட்டிக்கு எரிவாயு. மின் இணைப்பில்லாத முகாமில் விளக்குக்கும் வெப்பமூட்டியின் விசிறிக்கும் பேட்டரிதான் கதி. இரண்டாம் நாளே என் மகன் பொறுப்பாளராகிவிட்டான். யாராவது குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் "தண்ணி! தண்ணி!" என்று கத்துவான்.

வலப்பக்கம் ஓட்டுவதற்கு அப்பா சொன்ன சூத்திரத்தை உங்களுக்கும் தருகிறேன். "ஓட்டுறவன் உட்கார்ற பக்கம்தான் நடுக்கோடு இருக்கணும். நம்ம ஊரிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அதை மட்டும் பாருங்க மாப்பிள்ளை." என் கணவருக்கு அதற்குப் பிறகு குழப்பமே வரவில்லை. அப்பா பக்கத்து இருக்கையை விட்டு இறங்கவும் இல்லை.

முள் முளைத்த பனை

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மூன்று மணி நேரத்தில் ஜோஷுவா ட்ரீ வந்துவிடும். பெரும்பாலான முகாம்களில் தண்ணீர் கிடையாது, அதனால் வெளியே இருக்கும் சிற்றூரிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டோம். பூங்காவுக்குப் பெயர் தந்த மரத்தைப் பார்த்த மகள், "பனைமரத்துக்கு முள் முளைச்சிருக்கு" என்றாள். அது பெரிய தவறில்லை. ஜோஷுவா மரம் யக்கா இனத்தைச் சேர்ந்தது. பனையைப் போலவே அதன் தண்டிலும் ஆண்டு வளையங்கள் கிடையாது. வெட்டி எண்ணி வயது சொல்ல முடியாது, உயரத்தை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது யக்கா அந்துப்பூச்சி. அது பூவில் முட்டையிடும், அதன் குஞ்சுகள் விதைகளில் கொஞ்சம் தின்று வளரும். மரம் இல்லாமல் பூச்சி இல்லை, பூச்சி இல்லாமல் மரம் இல்லை.

இந்த இடம் பிழைத்ததற்கு மினர்வா ஹாய்ட் என்ற பெண்மணி முக்கியக் காரணம். மகனையும் கணவரையும் பறிகொடுத்தபின் பாலைவனத்தில் ஆறுதல் தேடியவர். தோட்டங்களுக்காக ஆட்கள் செடிகளைப் பிடுங்கிப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல், பாலைவனச் செடிகளை நியூயார்க்கிலும் லண்டனிலும் கண்காட்சியாக வைத்து, அரசாங்கத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1936இல் அது பாதுகாக்கப்பட்ட இடமானது, 1994இல் தேசியப் பூங்காவானது. தகவல் பலகையில் இருந்ததை நான் தமிழில் சொல்ல, அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "புருஷன் போனப்புறம் இவ்வளவு செஞ்சிருக்கா" என்றார். அவ்வளவுதான்.

எந்த நிலையமும் இல்லை

அங்கிருந்து மோஹாவி பாலைவனத்தின் ஊடாக டெத் வேலிக்கு. பழக்க தோஷத்தில் வண்டியின் வானொலியைத் திருகினேன். எண்கள் சுற்றிச் சுற்றி வந்தன, ஒரு நிலையமும் கிடைக்கவில்லை. ஒலிபரப்பில் சில விநாடி மௌனம் வந்தாலே பதறிப்போகும் தொழில் என்னுடையது. அன்று மணிக்கணக்கில் மௌனம். கைத்தொலைபேசிக்கும் அலைவரிசை இல்லை. வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயர வெப்பமானி நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 134 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 56.7 செல்சியஸுக்கு, டிகிரிக்கு ஓர் அடி வீதம் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போன பிற்பகலில் குளிராடை தேவைப்பட்டது.

பர்னஸ் கிரீக் முகாம் கடல் மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவின் ஆகத் தாழ்ந்த நிலம். எதிரே மலைச்சுவரில் மிக உயரத்தில் "கடல் மட்டம்" என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். தலையை அண்ணாந்து கடல் மட்டத்தைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம்.

அதைவிட விசித்திரம் கீழே காத்திருந்தது. வெறும் உப்புத்தளத்தை எதிர்பார்த்துப் போன எங்கள் முன் ஓர் ஏரி! இந்தப் பள்ளத்தாக்குக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 50 மில்லிமீட்டர்தான். மேற்கே அடுக்கடுக்காக நிற்கும் மலைகள் கடற்காற்றின் ஈரத்தை முன்னாலேயே பிழிந்துவிடுகின்றன. ஆனால் 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஹிலாரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 56 மில்லிமீட்டர் கொட்டியது. கோலாலம்பூரில் ஒரு மாலை மழைக்கே அவ்வளவு பெய்துவிடும், நாம் குடையை மடக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். அங்கே சாலைகள் அடித்துக்கொண்டு போய், பூங்காவை அக்டோபர் நடுப்பகுதிவரை மூடிவைத்தார்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாத அந்தப் பள்ளத்தில், பனியுகத்தில் ஆழமாக நிறைந்திருந்த மேன்லி ஏரி மறுபடி தலைகாட்டியது. சில மாதங்களில் அது வற்றியும் போனது. நாங்கள் போனபோது கணுக்கால் அளவுத் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. பிள்ளைகள் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். அப்பா ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்து, "கிள்ளான் கடலெல்லாம் இதுக்கு முன்னால சர்க்கரைத் தண்ணி" என்றார். சர்க்கரையைப் பற்றி அப்பாவே கேலி பேசியதை இரண்டு ஆண்டில் முதன்முறையாகக் கேட்டேன்.

மரணப் பள்ளத்தாக்கு என்ற பெயர் 1849-50 குளிர்காலத்தில் தங்கம் தேடி வந்து வழி தவறியவர்கள் வைத்தது. டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு அது காலங்காலமாக வீடு. பர்னஸ் கிரீக்கில் இன்றும் அவர்கள் கிராமம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவர்களுடைய நிலத்தில் ஒரு பகுதி அவர்களிடமே திரும்பியது.

இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே நாற்காலி போட்டோம். உலகில் வானம் நன்றாக இருண்டிருக்கும் இடங்களில் ஒன்று என 2013இல் சான்று பெற்ற பூங்கா இது. பால்வீதி மலைக்கு மலை பாலம் கட்டியிருந்தது. அப்பா போர்வைக்குள்ளிருந்து பேசத் தொடங்கினார். கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை புதிதாகத் திறந்த காலம், கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து இரவில் பாதையை மூடிவிடுவார்களாம். நேரம் தவறி வரும் லாரிகள் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். "ஸ்டவ்வுல தேத்தண்ணி போட்டுக்கிட்டு லாரி மேல படுத்துக் கிடப்போம். அப்பவே எங்களுக்குக் கேம்பர்வேன்தான். இதே மாதிரி வானம். வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னா, பகல்ல ஓட்டக் கூடாதாம்பா." பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அப்பா பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் குறுக்கே பேசவில்லை.

பனி விளிம்பு

லாஸ் வேகஸில் மளிகை வாங்கிக்கொண்டு, கிராண்ட் கேன்யனின் தென் விளிம்புக்கு ஏறினோம். உயரம் சுமார் 2,100 மீட்டர். தண்ணீர் அங்கே 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், சோறு லேசில் வேகாது. ஊரிலிருந்து கொண்டுபோன சிறிய குக்கர் கைகொடுத்தது. நெத்திலிச் சம்பலும் ரசமும் வைத்துச் சாப்பிட்டோம். வடக்கு விளிம்பைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஆனால் தெற்கில் ஒரு நன்மை உண்டு. மற்ற மாதங்களில் பேருந்தில் மட்டுமே போக முடிந்த ஹெர்மிட் சாலையில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் வண்டியிலேயே போகலாம். அப்பா அதிகம் நடக்காமலேயே எல்லாம் பார்த்தார். கீழே தெரியும் கோபுர மலைகளுக்கு விஷ்ணு கோவில், பிரம்மா கோவில், சிவன் கோவில் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் தொடங்கிவைத்த வழக்கம் அது. பெயரைக் கேட்டதும் அப்பாவின் கைகள் தாமாகவே குவிந்தன.

பயண முழுக்க நான் பயந்த இரவும் அங்கேதான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 9 டிகிரி. எரிவாயு தீர்ந்தால் வண்டிக்குள்ளும் உறையும். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பிறகு பயன்படுத்தக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு அளவுமானியைப் பார்க்க எழுந்தேன். அப்பா ஏற்கனவே விழித்திருந்தார், மருந்துப் பெட்டியைப் போர்வைக்குள் அணைத்தபடி. "கேஸ் பாதிக்கு மேல இருக்கு. நான் பார்த்துட்டேன். நீ படும்மா" என்றார். யாரோ என்னைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதியில் தூங்கி நெடுநாளாயிற்று.

போக நினைப்பவர்களுக்கு

மலேசியக் கடப்பிதழுக்கு விசா நேர்காணல் உண்டு, பல மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். சிங்கப்பூரர்களுக்கு இணையவழி முன் அனுமதி போதும். ஓட்டுநர் உரிமத்தோடு அனைத்துலக அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது எல்லாப் பூங்காக்களுக்குமான ஆண்டு அனுமதி 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டவருக்கு அது 250 டாலர், கிராண்ட் கேன்யன் போன்ற சில பூங்காக்களில் அந்த அனுமதி இல்லாதவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். டெத் வேலிக்குள் பெட்ரோல் விலை அதிகம், வெளியிலேயே நிரப்புங்கள். வரைபடத்தை முன்கூட்டியே கைத்தொலைபேசியில் இறக்கிவையுங்கள். பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வீட்டுப் பெரியவரை அழைத்துப் போகலாமா என்று தயங்குகிறவர்கள் மருத்துவரைக் கேளுங்கள், அவரையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அக்கா, நான், மாப்பிள்ளைகள் எல்லோரும் மூன்று வாரம் விவாதித்தோம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வண்டி யார் ஓட்டுறது?"